இசையில் பிஎச்.டி. செய்பவர்கள் அப்படி என்னதான் ஆராய்கிறார்கள்? பாட வராதவர்கள்தான் ஆராய்ச்சிக்குப் போகிறார்களா?

கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்ததும் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். இதையே என் நாத்தனார் ஒரு கல்யாணப் பந்தியில் நேராகவே கேட்டார். "ஏன், தொண்டை போயிடுச்சா? அதான் ஆராய்ச்சியில இறங்கிட்டியா?" பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது சொல்கிறேன்.

உங்கள் மகளோ தங்கையோ எம்.ஏ. இசை முடித்துவிட்டு மேலே படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள் என்று தோன்றுகிறது. கச்சேரிக்கு முயற்சி செய்யாமல் இது எதற்கு என்ற கவலையில் கேட்டிருப்பீர்கள். வேறு காரணமாக இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். சாயங்காலம் வீட்டிலும் வகுப்பு உண்டு. ஒன்பது வயதிலிருந்து ஒரே குருவிடம்தான் கற்றுக்கொண்டேன். அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருடம் கழித்துப் பகுதிநேரமாகப் பிஎச்.டி.யில் சேர்ந்தேன். கோயில் கச்சேரிகளில் அப்போதும் பாடிக்கொண்டிருந்தேன், இப்போதும் பாடுகிறேன்.

சேர்ந்ததற்குக் காரணம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். வீட்டில் அவனுக்குக் கீபோர்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தோடி ராகத்தில் வர்ணம் (பயிற்சிக்கான ஒரு பாட்டு வகை) தொடங்கிய வாரம் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மிஸ், 'க'ன்னா இந்தக் கட்டைதானே? இதை அமுக்கினா நீங்க பாடறது வரல. பக்கத்துக் கட்டையிலயும் வரல. அப்ப 'க' எங்கதான் இருக்கு?"

'க' என்பது காந்தாரம். தோடியில் வருவது அதில் 'சாதாரண காந்தாரம்' என்ற வகை. ஒரு 'ச'விலிருந்து (சட்ஜம்) அடுத்த 'ச' வரை உள்ள ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பிரித்து அளப்பார்கள். அந்தக் கணக்கில் கீபோர்டின் காந்தாரம் சட்ஜத்திலிருந்து 300-ல் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள 'ரி', சுத்த ரிஷபம், 100; மேலே உள்ள 'ம', சுத்த மத்தியமம், 500. ஆனால் தோடி பாடுகிறவர் 300-ல் போய் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி போய்வருகிறார். அந்த அசைவுதான் தோடியின் காந்தாரம். அசைக்காமல் நிறுத்தினால் ராகம் கைவிட்டுப் போய்விடும். இது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையனிடம் சொல்லத் தெரியவில்லை. "கேட்டுக் கேட்டுப் பாடு, தானா வந்துடும்" என்றேன். அம்மா எனக்குச் சொன்னதும் அதுதான். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விஷயம் சின்னதுதான். ஒரே வர்ணத்தை முதல் காலத்திலும், அதைப்போல் இரட்டை வேகமான இரண்டாம் காலத்திலும் பாடும்போது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, என்ன ஆகிறது? அவ்வளவுதான். தலைப்பு சின்னதாக இருக்கிறதே என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கூட ஒருவர் சொன்னார். சின்ன விஷயத்தை ஒழுங்காகப் பார்ப்பதற்கே எனக்கு ஐந்து வருடம் ஆனது.

பதிவுக்காக அம்மா வீட்டுக்குப் போன நாளைச் சொல்லவேண்டும். அப்போது அவருக்கு 78 வயது. மின்விசிறியை நிறுத்தினோம், கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் வைத்தோம். தம்புராவின் ஓசை பதிவில் கலந்தால் குரலின் கோட்டைத் தனியாகப் பிரிப்பது கஷ்டம். அதனால் சுருதியை அவருடைய ஒரு காதில் மட்டும் கேட்கிற மாதிரி வைத்தேன். அவருக்கு நாலு கட்டைச் சுருதி, அதாவது சட்ஜம் ஏறக்குறைய 175 ஹெர்ட்ஸ். "ஒத்தக் காதுல சுருதிய வச்சிக்கிட்டு எப்படிம்மா பாடறது" என்று குறைப்பட்டுக்கொண்டே ஆரம்பித்தார். தொடையில் தாளம், கண் மூடியிருந்தது. இரண்டாம் ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மறுபடி முதலிலிருந்து. இப்படி இரண்டு காலங்களையும் மும்மூன்று தடவை பாடவைத்தேன். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

அளக்க வசதி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பேச்சொலியை ஆராய்வதற்காக உருவாக்கிய பிராட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. குரல் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோட்டில் அம்மாவின் காந்தாரத்தை முதன்முதலில் பார்த்தபோது மலைபோல் ஏறி இறங்கியது. கீழ்முனை ரிஷபத்துக்குக் கொஞ்சம் மேலே, மேல்முனை மத்தியமத்தைத் தொட்டும் தொடாமலும். 300-ஐக் கோடு ஒவ்வொரு தடவையும் கடந்து போனதே தவிர எங்கேயும் நிற்கவில்லை. பையன் கேட்டதற்குப் பதில் திரையிலேயே இருந்தது.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த கோடு. முதல் காலத்தில் நீளமான காந்தாரத்துக்கு மூன்று அசைவு. இரண்டாம் காலத்தில் பாதி நேரம்தானே, அந்த மூன்றையும் இரட்டை வேகத்தில் அடைத்துவிடுவார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒன்றரை அசைவுதான் இருந்தது. சில இடங்களில் ஒரே ஒரு அசைவு. அசைவின் வேகம் கிட்டத்தட்ட அதேதான், எண்ணிக்கைதான் குறைந்திருந்தது. இறங்கும் ஆழம்கூட மாறியிருந்தது. வேகம் கூடும்போது கமகம் அப்படியே சுருங்குவதில்லை, வேறு உருவம் எடுக்கிறது. இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவரவில்லை. கணினி வைத்துக் கமகத்தை ஆராய்ந்தவர்கள் முன்பே எழுதியிருக்கிறார்கள், அனுபவமுள்ள வித்வான்களின் கைக்கும் தொண்டைக்கும் அது எப்போதோ தெரியும். எனக்கு வலித்தது வேறு விஷயம். பதினோரு வருடத்துக்கும் மேலாக என் பிள்ளைகளிடம் "இதையே அப்படியே வேகமாப் பாடு" என்று சொல்லிவந்திருக்கிறேன். அவர்களும் மூன்று அசைவையும் திணித்துத் திணித்துப் பாடினார்கள், காந்தாரம் நடுக்கமாக வந்தது. சாதகம் (பயிற்சி) போதவில்லை என்று நான் அவர்களைத்தான் கடிந்துகொண்டேன். தப்பு என் சொல்லில் இருந்தது.

அடுத்த வாரம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். "நீங்க ரெண்டாம் காலத்துல குறைச்சுத்தான் அசைக்கிறீங்கம்மா. எனக்கு ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டேன். "நானா? நான் ஒண்ணும் மாத்தலையே. ஒரே மாதிரிதான் பாடறேன்" என்றார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அவர் பாடியதையே பாதி வேகத்தில் ஓடவிட்டேன். மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "இது எங்கப்பா பிடி."

அவருடைய அப்பா கோயில் நாகஸ்வரக்காரர். பெண்பிள்ளைக்கு நாயனம் சொல்லித்தரும் வழக்கம் அந்த வீட்டில் அன்றைக்கு இல்லை. வாய்ப்பாட்டு வேறொருவரிடம்தான் படித்தார். ஆனால் திண்ணையில் அப்பா சாதகம் செய்ததைக் கேட்டே வளர்ந்திருக்கிறார். அந்தப் பிடி, அதாவது அப்படி அசைக்கும் விதம், அறுபது எழுபது வருடம் அவருடைய குரலுக்குள் இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். அப்பா வாசித்ததற்கு ஒரு பதிவுகூட இல்லை. நான் வைத்திருப்பது மகள் குரலில் வந்த அந்த ஒன்றரை அசைவுதான்.

இதற்குப் பிறகு ஆராய்ச்சி வெறும் பேப்பர் வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாகஸ்வரத்தைப் பேசியதால் அதிலிருந்தே சொல்கிறேன். தோடி என்றதும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொல்லாதவர் கிடையாது. திருவாவடுதுறைக்காரர், 1956-ல் காலமானார். அவரைப் பற்றி யோஷிடாகா டெராடா என்ற ஜப்பானியர் தமிழ்நாட்டுக்கு வந்து ஆராய்ந்து, அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1992-ல் முனைவர் பட்டம் வாங்கினார். நம் ஊர்க் கலைஞரைப் பற்றி யார் யார் எப்படிப் பேசுகிறார்கள், அந்தப் பேச்சில் சாதியும் மரியாதையும் எப்படிக் கலந்திருக்கின்றன என்று ஒருவர் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கேட்டிருக்கிறார். இங்கே பந்தியில் கேட்பது "தொண்டை போயிடுச்சா" என்று.

பார்சிலோனாவில் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை காம்ப்மியூசிக் என்ற பெரிய திட்டம் நடந்தது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கி மகாம், பீஜிங் ஓபரா, அரபு-அந்தலூசிய இசை ஐந்தையும் கணினிக்குப் புரியவைக்கும் முயற்சி. மேற்கத்திய இசைக்காகச் செய்த கருவிகள் நம் இசைக்குப் பொருந்தவில்லை என்பதுதான் அவர்கள் தொடங்கிய இடம். சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கெடுத்தது. என் மாணவனின் கீபோர்டுக் கேள்வியும் அதே கேள்விதான் என்று எனக்குப் பட்டது.

பாட வராதவர்கள்தான் போகிறார்களா என்பதற்குத் தஞ்சாவூரிலேயே பதில் இருக்கிறது. ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில், ஒரு ஸ்தாயிக்குள் இருக்கும் நுண்ணிய சுருதிகள் 22 இல்லை, 24 என்று வாதாடினார். கூடவே தன் மகள்களைப் பாடிக் காட்டவைத்தார். மறுவருடம் அவருடைய இசை ஆராய்ச்சி நூலான கருணாமிர்த சாகரம் அச்சில் வந்தது. அவருக்கும் முன்னால் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் கம்பிதம், நொக்கு, ஜாரு, ஓரிகை என்று ஒவ்வொரு கமகத்துக்கும் குறி போட்டு சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலைக் கொண்டுவந்தார். அவர் முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரை, தானே வர்ணமும் கிருதியும் இயற்றியவர். பாடுகிறவர் வேறு, ஆராய்கிறவர் வேறு என்ற பிரிவை நம் பெரியவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். ஒருவர் சுருதி 22-தான் என்பவர். ஐயா, நான் எத்தனை சுருதி என்று எண்ணவே இல்லை, ஒரு காந்தாரம் எப்படி அசைகிறது என்று மட்டும்தான் பார்த்தேன். இன்னொருவர் குருகுலத்தைக் கணினி கெடுத்துவிடும் என்பவர். அம்மா பாடாமல் எனக்குக் கோடு கிடையாது. கோட்டைப் பார்த்து யாரும் பாடக் கற்றுக்கொள்ள முடியாது, நானும் என் பிள்ளைகளுக்குத் திரையைக் காட்டுவதில்லை. இரண்டாம் காலத்துக்கு வந்ததும் கையைக் காற்றில் ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொல்கிறேன். முதல் காலத்துக்கு மூன்று, இரண்டாம் காலத்துக்கு ஒன்றரை. அந்தக் கீபோர்டுப் பையன் இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டான். எல்லா ஆய்வும் நல்ல ஆய்வு என்றும் நான் வாதாடவில்லை. பழைய ஆய்வேட்டை முன்னும் பின்னும் மாற்றி எழுதிப் பட்டம் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்காக எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இசை வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பீரியடை என்ன செய்கிறார்கள் என்று வந்து பார்க்கவேண்டும். வாரத்துக்கு ஒரே பீரியட். அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் கணக்குக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று என்று அதையும் வாங்கிக்கொள்வார்கள். போன வருடம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எட்டாம் வகுப்புக்கு நான் எடுத்தது நாலே வகுப்பு. ஆண்டுவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் கூப்பிட்டு, வரவேற்புப் பாட்டுக்கு நாற்பது பிள்ளைகளைத் தயார்செய்யச் சொல்கிறார்கள். தொண்டை கட்டிப்போன பிள்ளைகளையும் மேடையில் நிறுத்தவேண்டியிருக்கிறது. பாட்டு டீச்சரைச் சும்மா இருக்கிறவர் என்று நினைப்பதும், இசை ஆராய்ச்சியைச் சும்மா என்று நினைப்பதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வருகிறேன். பாட்டை விடாமல் இருக்கட்டும், தினமும் காலையில் சாதகம் நடக்கட்டும். ஆய்வுத் தலைப்பு முடிவாகும்வரை காத்திருக்காமல், தன் குருவும் குருவின் வயதொத்தவர்களும் பாடுவதை இந்த மாதமே பதிவு செய்யச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இப்போது மூச்சு பிடிப்பதில்லை, இரண்டாம் காலம் பாடுவதை நிறுத்திவிட்டார். நான் எடுத்த பதிவுகளுக்கு மேல் இனி ஒன்றும் கிடைக்காது. கைப்பேசியே போதும். விசிறியை நிறுத்தவேண்டும், சுருதி பாடுகிறவர் காதில் மட்டும் கேட்கவேண்டும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை பாடவைக்கவேண்டும். தேதியையும் சுருதிக் கட்டையையும் பதிவின் தொடக்கத்தில் வாயாலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள், பிறகு தேடும்போது அது இல்லாமல் நான் பட்ட பாடு பெரிது. கோப்பை இரண்டு இடத்திலாவது வைத்துக்கொள்ளட்டும். அளக்கும்போது ஏதாவது புரியாவிட்டால் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள், பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.