இரண்டு டொமைனுக்கும் ஒரே தளம் வருகிறது, அப்பாச்சி வெப் சர்வரை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவலாமா?

தயவுசெய்து அழிக்காதீர்கள். இரண்டு டொமைனுக்கும் தனித்தனி விர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரே சர்வரில் ஒவ்வொரு தளத்துக்கும் எழுதும் அமைப்புப் பகுதி, சுருக்கமாக பிளாக்) எழுதியும் எதைத் திறந்தாலும் முதல் தளமே வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் அப்பாச்சி ஓடுகிறது, பதிலும் சொல்கிறது. நீங்கள் எழுதியதை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உபுண்டு அல்லது டெபியன் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பாச்சி2சிடிஎல் கட்டளையோடு ஹைஃபன், பெரிய எழுத்து எஸ் சேர்த்து ஓட்டுங்கள். எந்த ஐபி, எந்த போர்ட், எந்தப் பெயர், அது எந்தக் கோப்பின் எந்த வரியில் இருக்கிறது என்று எல்லாம் வந்துவிடும். இரண்டாவது டொமைன் அதில் இல்லையென்றால் தளத்தை இயக்கத்தில் சேர்க்கும் ஏ2என்சைட் கட்டளையை ஓட்டாமல் விட்டிருப்பீர்கள், அல்லது கோப்பின் பெயர் டாட் கான்ஃப் என்று முடிந்திருக்காது. பெயர் இருந்தும் தளம் வரவில்லையென்றால் தளத்தின் பெயரைச் சொல்லும் சர்வர்நேம் வரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்ந்த வடிவம் மாற்றுப் பெயர்களுக்கான சர்வர்அலியாஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரவுசர் கேட்கும் பெயர் எதோடும் பொருந்தாவிட்டால், அந்த முகவரிக்கு முதலில் படிக்கப்பட்ட பிளாக்தான் பதில் சொல்லும். இயல்பாக வரும் கோப்புக்கு முன்னால் 000 என்று இருப்பதே அது முதலில் படிக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதே சிக்கல் வந்தது. பல கை மாறி வந்த சர்வர் அது. புதுத் தளத்துக்கு, எந்த ஐபியானாலும் சரி என்பதற்கான நட்சத்திரக் குறி, போர்ட் 80 என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். சர்வருக்குள்ளிருந்து, அது தன்னையே குறிக்கும் 127.0.0.1 வழியாக, எந்தத் தளம் வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் ஹெட்டரில் புதுப் பெயரைக் கொடுத்து, கர்ல் கட்டளையால் பக்கத்தைக் கேட்டால் புதுத் தளம் வருகிறது. வெளியிலிருந்து திறந்தால் பழைய தளம். "டிஎன்எஸ் பரவ நேரமாகும், பொறுங்கள்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆனால் டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் டிக் கட்டளை போட்டுப் பார்த்தால் ஐபி சரியாகவே இருந்தது. சர்வரைத் திரும்ப நிறுவும் பேச்சும் வந்துவிட்டது.

நான் ஹைஃபன் எஸ் ஓட்டினேன். பழைய தளத்தின் பிளாக் மட்டும் நட்சத்திரம் இல்லாமல் சர்வரின் சொந்த ஐபியோடு தனி வரியில் நின்றது. அப்பாச்சி முதலில் ஐபியையும் போர்ட்டையும்தான் பொருத்திப் பார்க்கும். குறிப்பிட்ட ஐபி எழுதிய பிளாக் இருந்தால், அந்த ஐபிக்கு வரும் கோரிக்கைக்கு நட்சத்திர பிளாக்குகளின் பெயர்களைப் பார்க்கவே பார்க்காது. 127.0.0.1-க்கு அப்படித் தனி பிளாக் இல்லாததால் உள்ளே மட்டும் சரியாக வந்தது. ஐபியை நட்சத்திரமாக மாற்றி, பிழை இருக்கிறதா என்று பார்க்க கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டி, மாற்றத்தை அப்பாச்சி திரும்பப் படிக்க ரீலோட் கொடுத்தேன். புதுத் தளம் வந்துவிட்டது. அதை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

தளம் திறந்ததற்கு வாழ்த்து மடல் போனது. வடிவமைத்தவர், எழுதியவர், ஒருங்கிணைத்தவர் என எல்லார் பெயரும் அதில் இருந்தது. சர்வர் பார்ப்பவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. தளம் விழுந்தால் மட்டும் நடுராத்திரியில் எங்கள் பெயர் ஞாபகம் வருகிறது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்கு மாறச் சொல்லிச் சிலர் வருவார்கள். நல்ல சர்வர்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கேயும் பெயர் பொருந்தாவிட்டால், டிஃபால்ட் சர்வர் என்று குறிக்காதவரை முதல் பிளாக்தான் பதில் சொல்லும். அப்பாச்சியிலேயே, பெயரை வைத்துத் தளங்களைப் பிரிக்க முன்பு எழுதிய நேம்விர்ச்சுவல்ஹோஸ்ட் வரியைச் சேர்க்கச் சொல்பவர்களும் உண்டு. 2012-இல் வந்த அப்பாச்சி 2.4 பதிப்பிலிருந்து அது தேவையில்லை.

அப்புறம், நீங்கள் திறப்பது எச்டிடிபிஎஸ் என்றால் போர்ட் 80-க்கு எழுதியது எதுவும் உதவாது. இரண்டாவது டொமைனுக்கு எச்டிடிபிஎஸ்ஸின் போர்ட்டான 443-இலும் பிளாக் வேண்டும், இல்லையென்றால் முதல் தளத்தின் சான்றிதழோடு எச்சரிக்கைதான் வரும். எல்லாம் சரிசெய்தும் பழையதே வந்தால், வேறு முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்ப முன்பு கொடுத்த 301 பதிலை பிரவுசர் நினைவில் வைத்திருக்கலாம். வேறொரு கணினியிலிருந்து கர்ல் அடித்துப் பார்த்துவிடுங்கள்.