எடை குறைந்தபின் கழுத்துத் தொய்வு: ஊசி உதவுமா?

எடை குறைந்தபின் தாடைக்குக் கீழே தோல் தொங்குகிறது, கொழுப்பைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன். கொழுப்பு ஏற்கெனவே கரைந்துவிட்ட இடத்தில் அந்த ஊசி தொய்வை இன்னும் எடுத்துக்காட்டக்கூடும்.

கண்ணாடி முன் நின்று, பல்லைக் கடித்து, உதட்டோரங்களைக் கீழே இழுத்துப் பாருங்கள். கழுத்தில் கயிறுபோல் பட்டைகள் புடைத்தால் அது பிளாட்டிஸ்மா, அதாவது கழுத்துத் தோலுக்கு அடியில் விரிந்திருக்கும் மெல்லிய தசை. போடாக்ஸ் ஊசி அதைத் தளர்த்தும். 3, 4 மாதம் தாங்கும். தொங்கும் தோலை அது இறுக்காது.

தோல் மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தால் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையை யோசிக்கலாம். உள்ளே சூடேற்றி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தை வளரத் தூண்டும் முறை அது; பலன் தெரிய 2, 3 மாதமாகும். (விளம்பரங்களின் ‘சிகிச்சைக்குப் பின்’ படத்தில் தாடை சற்று உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; தாடையைத் தூக்கினாலே கழுத்து இறுக்கமாகத் தெரியும்!) தோல் தாராளமாக மிஞ்சித் தொங்கினால் இவையெல்லாம் வீண்செலவு, நேரே பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேளுங்கள்.