பின்சக்கரத்துக்கு டிஸ்க் போடலாமா? கேளுங்க, சொல்றேன்

இருபது வருடத்துக்கு மேலாக பிரேக் வேலைதான் என் சோறு. காரின் பின்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கச் சொல்லியிருந்தேன். டிரம் என்றால் சக்கரத்தோடு சுற்றும் மூடிய கிண்ணம், உள்ளிருந்து ஷூ என்ற கட்டைகள் அழுத்தி நிறுத்தும். டிஸ்க் என்றால் சுற்றும் தட்டு, காலிபர் என்ற கவ்வி இருபுறமும் பேடுகளை வைத்து நெரித்து நிறுத்தும். வந்ததில் சில:

கேள்வி: அண்ணே, என்னோடது 2014 ஸ்விஃப்ட். கொல்லிமலை இறங்கும்போது பெடல் கீழ போயிடுச்சு, உயிரே போய் வந்துச்சு. பின்னாடி டிஸ்க் மாத்திட்டா சரியாயிடுமா?

பதில்: தம்பி, அந்த 70 கொண்டை ஊசி வளைவையும் எந்த கியரில் இறங்கினீர்கள்? நியூட்ரலிலோ நாலாவதிலோ என்றால், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் இருந்தாலும் இதே கதைதான். சின்ன கியரில்தான் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டிரம் சூடேறினால் வெளிப்பக்கம் விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூ அதை எட்டிப் பிடிக்க பெடல் இன்னும் கீழே போகும். இந்த விஷயத்தில் டிஸ்க்தான் உசத்தி, மறுக்கவில்லை. ஆனால் பிரேக் அடித்ததும் பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது. நிறுத்துகிற வேலையில் நூற்றுக்கு எழுபது பங்காவது முன்சக்கரம்தான் செய்கிறது, இறக்கத்தில் இன்னும் அதிகம்.

நான் முதலில் பார்ப்பது பிரேக் ஆயிலைத்தான். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதற்கு 155 டிகிரிதான். கொதித்தால் உள்ளே குமிழி, மிதித்தால் குமிழி நசுங்கும், கால் தரையில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள், இரண்டாவது கியரில் இறங்குங்கள். செலவும் சில நூறு ரூபாயோடு முடியும்.

கேள்வி: மலைக்கெல்லாம் போறதில்லைங்க. ஊருக்குள்ளயே பிரேக் மந்தமா இருக்கு. டிரம்தான் காரணமா?

பதில்: வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜின் ஓடும்போது பெடலை ஒருமுறை மிதித்து விட்டு உடனே மறுபடி மிதியுங்கள். இரண்டாவது முறை உயரத்திலேயே நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. அந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் கசிவில்லை என்றால், மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். டிரம்மைக் கழற்றினால் ஷூ கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கினால் உள்ளே ஈரமா என்று பாருங்கள். டிஸ்க் வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் டிரம் சர்வீஸோடு திரும்பிப் போகிறார்கள். எனக்குத்தான் நஷ்டம்!

கேள்வி: சார், சொந்தமா செய்யலாம்னு இருக்கேன். டிஸ்க், காலிபர், ரெண்டு பிராக்கெட். வேற என்ன வேணும்?

பதில்: அந்த "வேற என்ன"வில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

டிரம்முக்கு ஒரு தந்திரம் உண்டு. சுற்றுகிற டிரம் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து ஆப்பு மாதிரி இறுக்கிக்கொள்ளும், நாம் கொஞ்சம் மிதித்தாலே போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, அழுத்தம் கூடுதலாக வேண்டும். அதனால்தான் காலிபர் பிஸ்டன் வீல் சிலிண்டரை விடப் பெரிதாக இருக்கிறது. பழைய மாஸ்டர் சிலிண்டர் அதற்கு ஈடுகொடுக்குமா என்று பார்க்க வேண்டும்.

சில பழைய வண்டிகளில் டிரம் லைனில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் தங்கும்படி ஒரு வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் பேடு விலகவே விலகாது. வேறெங்கோ மாற்றிய வண்டி ஒன்று அப்படி என்னிடம் வந்தது. பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்த பின்சக்கரத்தில் தண்ணீர் தெளித்தேன், தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சொய்ங்கென்றது.

எல்லாவற்றையும் விட முக்கியம் முன்-பின் பங்கீடு. பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு டிரம்முக்கென்று கணக்குப் போட்டு வைத்தது. பின் பிரேக் தேவைக்கு மேல் பிடித்து முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் லாக் ஆனால், அதாவது சுற்றாமல் வழுக்கினால், ஈர ரோட்டில் வண்டி பம்பரமாகச் சுற்றும். முன்சக்கரம் லாக் ஆனால் நேராகவாவது போகும்.

கேள்வி: ஏபிஎஸ் இருக்கே, அது பார்த்துக்காதா?

பதில்: சக்கரம் லாக் ஆகாமல் பார்க்கும் அந்த ஏபிஎஸும் தொழிற்சாலையில் அந்த டிரம்மை வைத்துப் பழக்கப்பட்டதுதான். போதாததற்கு சக்கரம் சுற்றும் வேகத்தை அறிய சென்சார் படிக்கும் பல்வளையம் சில வண்டிகளில் டிரம்மோடும் ஹப்போடும் சேர்ந்தே இருக்கும். ஏபிஎஸ் வண்டியில் கைவைக்க வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

கேள்வி: ஹேண்ட் பிரேக் என்ன ஆகும்ணே?

பதில்: நல்ல கேள்வி, பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஒன்று, டிஸ்க்கின் நடுவிலேயே சின்ன டிரம் இருக்கும் வகை. இன்னொன்று, கேபிள் காலிபரையே இழுக்கும் வகை. இரண்டாவதில் பிஸ்டன் உள்ளே திருகில் ஏறி உட்கார்ந்திருக்கும். பேடு மாற்றும்போது கிளாம்ப் வைத்து நெம்பக் கூடாது, சுற்றிச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். நெம்பினால் காலிபர் காலி. இன்னொன்று: சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும், ஹேண்ட் பிரேக் பிடி தளரும். மேட்டில் நிறுத்தினால் கியரும் போட்டு வையுங்கள்.

கேள்வி: பலேனோ வெச்சிருக்கேன். ஆர்எஸ் மாடலுக்கு பின்னாடியும் டிஸ்க் வந்துச்சே, அதையே மாட்டலாமா?

பதில்: ஏபிஎஸ் இருந்தால் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். மாற்றியே ஆவேன் என்றால் இதுதான் ஒழுங்கான வழி. அதே குடும்பத்து வண்டியின் கம்பெனி பாகம், ஹப்பிலிருந்து கேபிள் வரை முழு செட். காலிபரை மட்டும் வாங்கிவந்து லேத்தில் பிராக்கெட் வெட்டுவது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: சட்டச் சிக்கல் வருமா ஐயா?

பதில்: வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் மாற்றி, விபத்தானால் கிளெய்ம் இழுபறிதான்.

கேள்வி: டிரம்னாலே பழைய டெக்னாலஜி, மலிவு வேலைதானே?

பதில்: ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களுக்குப் பின்னால் டிரம்தான். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால் அங்கே பின் பிரேக்குக்கு வேலை கம்மி. சும்மா கிடக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும், மூடியிருக்கும் டிரம் அவ்வளவாகத் துருப்பிடிக்காது.

கேள்வி: செலவு தாங்காது. டிரம் மேல சிவப்பு காலிபர் கவர் ஒட்டிக்கலாமா?

பதில்: சூடு வெளியேற வழியில்லாமல் போகும், கழன்றால் ரிம்மில் உரசும். சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி டிரம்மின் வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். அலாய் வீலுக்குப் பின்னால் டிரம் இருப்பதே தெரியாது.