கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தபிறகும் தொழுநோய் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 42, கொத்தனார். வலது முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று இரண்டு வருடமாக இருக்கிறது. அரிப்பு, வலி எதுவும் இல்லை. எந்தக் களிம்புக்கும் மறையவில்லை. அரசு மருத்துவமனையில் தொழுநோய் என்கிறார்கள். ஆனால் காது மடலில் கீறி எடுத்த டெஸ்ட்டில் கிருமி இல்லை. பிறகு ஏன் மாத்திரை? பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா?
- வாசகி, விழுப்புரம்.

பதில்: பிள்ளைகளை எங்கேயும் அனுப்பாதீர்கள். மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தேமல் ஒன்றிரண்டு மட்டும் உள்ளவர்களின் தோலில் கிருமி மிகக் குறைவு. கீறி எடுத்த திரவத்தில் பெரும்பாலும் அகப்படாது. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த இந்தக் கிருமியை, மற்றக் கிருமிகளைப்போல ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்க்க இன்றுவரை முடியவில்லை. எல்லோருக்கும் உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. மருத்துவரின் கைதான் இங்கே முதல் பரிசோதனை. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வோம். சுற்றியுள்ள தோலில் பட்டென்று காட்டுகிறவர், தேமலுக்குள் தொட்டால் 'இன்னும் தொடலையா சார்?' என்பார். சாதாரணத் தேமலில் இப்படி உணர்ச்சி போகாது. முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்றும் தடவிப் பார்ப்போம்.

வலிக்காத நோய்க்கு யார் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்? 2005 இறுதியில் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே தொழுநோய் என்ற அளவை இந்தியா எட்டியதும், நோயே ஒழிந்துவிட்டது என்ற நினைப்பு மக்களிடம் மட்டுமல்ல, எங்கள் துறையிலும் வந்துவிட்டது. இன்னும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறோம்.

சிகிச்சை பெறாதவருடன் நெடுநாள் நெருங்கிப் பழகினால், பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகத்தான் பரவும். மாத்திரை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பரவுவது நின்றுவிடும். ஆனால் தொற்றிய கிருமி வெளியே தெரிய சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும். எனவே இனிமேல் பிரித்து வைப்பதில் பயனில்லை. நீங்களும் பிள்ளைகளும் முதுகு, தொடையின் பின்புறம் உட்பட உடம்பு முழுவதையும் காட்டிவிடுங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தருவார்கள்.

உங்கள் கணவருக்குத் தரும் கூட்டு மருந்து (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்தது) இலவசம். ஐந்து தேமல் வரை 6 மாதம், அதற்கு மேல் 12 மாதம். சிறுநீர் சிவக்கும், பயம் வேண்டாம். காய்ச்சலோடு உடம்பெங்கும் தடிப்பு வந்தால் மட்டும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது வேறொரு இடத்தில். சிகிச்சையின் நடுவே, சில சமயம் முடிந்த பிறகும், தேமல் சிவந்து வீங்கலாம், முழங்கை நரம்பு வலிக்கலாம், சுண்டுவிரல் வலுவிழக்கலாம். 'மருந்து ஒத்துக்கலை' என்று நிறுத்திவிடுகிறார்கள். அது கிருமிக்கு எதிராக உடம்பு கிளப்பும் அழற்சி. கூட்டு மருந்தைத் தொடர்ந்தபடியே, மருத்துவர் தரும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தும் எடுக்க வேண்டும். தாமதித்தால் விரல் மடங்கியபடியே நின்றுவிடும். கரண்டி பிடிக்கிற கை அது.

விரல்கள் மரத்திருந்தால் சிமென்ட் அரிப்பது அவருக்குத் தெரியாது. ரப்பர் கையுறை போடச் சொல்லுங்கள். தினமும் ராத்திரி கையில் காயம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.