இத்தாலியன் ரெஸ்டாரன்ட் பில் 7,161 ரூபா, கார்டுல கட்டினது மினிமம் டியூ மட்டும்

கேள்வி: சார், நாங்க கோயம்புத்தூர்ங்க. வீட்டுக்காரர் சம்பளம் கைக்கு 58,000 வருது, நான் டியூஷன் எடுக்கறதுல ஒரு 9,000. போன மாசம் ரேஸ்கோர்ஸ் பக்கம் புதுசா திறந்த இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டுக்கு மாமா, அத்தை, ரெண்டு பசங்கன்னு ஆறு பேரா போனோம். சாப்பாடு 6,200, அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டின்னு 7,161 ஆயிடுச்சு, கிரெடிட் கார்டுல தேய்ச்சோம். அந்த மாச கார்டு பில்லு மொத்தம் 24,300. மினிமம் 1,215 மட்டும் கட்டியிருக்கோம். சேவிங்ஸ்ல 55,000 இருக்கு, அவசரத்துக்குன்னு தொடறதில்ல. மாசாமாசம் இப்படி போலாம்ங்கறார் இவர். எனக்கு அந்த சர்வீஸ் சார்ஜ நினைச்சாலே வயிறு எரியுது. வெளிய சாப்பிடறதயே நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாங்க. பெரியவங்களையும் கூட்டிட்டு குடும்பமா போய் உக்காந்து சாப்பிட்டது நல்ல விஷயம், அந்த 7,161 உங்க வருமானத்துக்கு தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது, மினிமம் டியூ, அதாவது பேங்க் கேக்கற குறைஞ்சபட்சத் தொகைய மட்டும் கட்டினது. அத முதல்ல சொல்லிடறேன்.

24,300ல 1,215 போக 23,085 நிக்குது. கார்டு வட்டி மாசம் மூணரை சதவீதம்னு வச்சா 808 ரூபா, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 145, ஆக மாசம் 950 ரூபாகிட்ட போகுது, அதுவும் வாங்கின தேதியில இருந்தே கணக்கு போடுவாங்க, பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா என்ன வாங்கினாலும், பால் பாக்கெட்டா இருந்தாலும், முதல் நாள்ல இருந்தே வட்டி ஓடும். சேவிங்ஸ்ல இருக்கிற 55,000க்கு பெரிய பேங்க் எதுவும் வருஷத்துக்கு 3 சதவீதம் மேல தரப்போறதில்ல. அங்க வருஷத்துக்கு 3, இங்க மாசத்துக்கே மூணரை. அவசரப் பணம்னு தொடாம வச்சிருக்கீங்க, சரி, ஆனா இதுதாங்க அவசரம். இன்னைக்கே சேவிங்ஸ்ல இருந்து எடுத்து முழுசா கட்டிடுங்க, மீதி 30,000 சொச்சம் கையில இருக்கும், மாசம் அஞ்சாயிரமா போட்டா அஞ்சாறு மாசத்துல பழையபடி நிரம்பிடும். இஎம்ஐயா மாத்திக்கோங்கன்னு பேங்க்ல இருந்து போன் வந்தா வேண்டாம்னுடுங்க, அதுலயும் வட்டி, பிராசசிங் ஃபீ, ரெண்டுக்கும் ஜிஎஸ்டி. கார்டு ஆப்ல ஆட்டோபே, அதாவது பில்ல தானா கட்டற ஏற்பாடு, எதுல இருக்குன்னு பாருங்க, மினிமம்னு இருந்தா மொத்தத் தொகைக்கு மாத்துங்க.

இப்ப சர்வீஸ் சார்ஜ். உங்க கோபம் நியாயமானது. 6,200க்கு 10 சதவீதம் 620 போட்டு, அந்த 620யையும் சேத்து 6,820க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 341 போட்டிருக்காங்க. சர்வீஸ் சார்ஜ் இல்லன்னா 6,510தான் வந்திருக்கும், வித்தியாசம் 651. ரெஸ்டாரன்ட்காரங்க அத தானா பில்லுல சேக்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில சொல்லிடுச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு தீர்ப்பு கொடுத்திருக்கு. பணம் கட்டறதுக்கு முன்னாடி மேனேஜர கூப்பிட்டு எடுத்துட்டு பில் போடுங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் எடுத்துடுவாங்க, மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் கொடுக்கலாம். பரிமாறின பையன் நல்லா கவனிச்சார்னா நூறோ இருநூறோ அவர் கையிலயே கொடுங்க, அது அவருக்கே போகும். தண்ணி பாட்டில் எம்ஆர்பிக்கு மேல போட்டிருந்தா மட்டும் சண்டை போட முடியாது, ஹோட்டல்ல அப்படி விக்கலாம்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதனால உக்காந்ததுமே சாதா தண்ணி கேட்டுடுங்க.

ஒண்ணு யோசிங்க, சர்வீஸ் சார்ஜ்ல போனது 651, ஒரே தடவை. வட்டியில போறது 950, ஒவ்வொரு மாசமும். வயிறு எரியணும்னா இதுக்குத்தாங்க எரியணும்.

மாசாமாசம்ங்கறது உங்க வீட்டுக்கு அதிகம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை போங்க. சம்பளம் வந்த அன்னைக்கே 2,200 ரூபாய வேற அக்கவுண்ட்டுக்கு மாத்திடுங்க, மூணாவது மாசம் 6,600 இருக்கும், அதுல இருந்தே கட்டுங்க, கார்டு வீட்லயே இருக்கட்டும். ஆளுக்கொரு பீட்சா சொல்லாதீங்க, ஆறு பேருக்கு மூணு பீட்சா, ரெண்டு பாஸ்தா, ஒரு கார்லிக் பிரெட்ட நடுவுல வச்சு பகிர்ந்துக்கிட்டா போதும், பத்தலன்னா அப்புறம் சொல்லிக்கலாம். மாமா அத்தைக்கு சீஸ் பிடிக்கலன்னா அவங்களுக்கு ஒரு மினஸ்ட்ரோனி சூப் சொல்லுங்க, நம்ம காய்கறி சூப் மாதிரிதான் இருக்கும். அடுத்து பெரிய ஸ்டார் ஹோட்டலுக்கு போலாம்னு வீட்டுக்காரர் சொன்னா ஒண்ணு விசாரிச்சுக்கோங்க, ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500க்கு மேல வாங்கற ஹோட்டலுக்குள்ள இருக்கிற ரெஸ்டாரன்ட்ல ஜிஎஸ்டி 18 சதவீதம், இதே 6,200க்கு வரி மட்டும் 1,116 வரும்.

கார்டு பாக்கிய முழுசா கட்டின பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்ல கொஞ்சம் வட்டி வரும், அது நீங்க கட்டின நாள் வரைக்கும் ஓடினது, தப்பு இல்ல. அதையும் மொத்தமா கட்டுங்க, அதுக்கு அடுத்த ஸ்டேட்மென்ட்லயும் வட்டி இருந்தா உடனே பேங்க்ல கேளுங்க.