வெப்பநிலை சென்சார்களில் என்னென்ன வகை? அவை எப்படி வேலை செய்கின்றன?

சூட்டை, அளக்கக்கூடிய மின் மாற்றமாக ஆக்கித் தருவதுதான் வெப்பநிலை சென்சார்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் மலிவாகக் கிடைப்பது என்டிசி தெர்மிஸ்டர், அதாவது சூடு ஏறினால் மின்தடை குறையும் சென்சார். ஏசி, ஃபிரிட்ஜில் பெரும்பாலும் இதுதான். 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் காட்டும் வழக்கமான ரகம் 50 டிகிரியில் சுமார் 3,600 ஓமுக்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற, இது செய்யப்பட்ட குறைக்கடத்தியில் மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் அதிகமாக விடுபடுவதே காரணம்.

பிளாட்டினத்தால் ஆன பிடி100 இதற்கு நேரெதிர்: 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் கூட்டம் அசையாமல் நின்றால் இடுக்கில் நுழைந்து போய்விடலாம். எல்லாரும் அலைமோதினால் முட்டிக்கொண்டுதான் போகணும். சூடான உலோகத்தில் அதிரும் அணுக்களுக்கிடையே எலக்ட்ரான்களுக்கும் அதே பாடுதான். இணைப்புக் கம்பியின் தடை 1 ஓம் கூடினாலே சுமார் 2.6 டிகிரி பிழை வரும். அதனால்தான் கம்பியின் தடையைக் கழித்துவிட மூன்று கம்பி இணைப்பு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பீன்யா பட்டறைகளின் உலைகளுக்குத் தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்தால், முனைகளின் சூட்டு வேறுபாடு சிறு மின்னழுத்தமாக வெளிவரும். கே டைப் என்ற ரகத்தில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். சாதாரணச் செம்புக் கம்பியால் நீட்டினால் அளவு தவறும். கே டைப்புக்கான நீட்டிப்புக் கம்பியே வாங்குங்கள். பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் உலை சூடாகச் சூடாக மீட்டர் இறங்கும்.

தெர்மோகப்பிள் முனையின் வெப்பநிலையை நேரடியாகத் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தருவது வேறுபாட்டை மட்டுமே, தன் பக்கத்துச் சூட்டை வேறொரு சிறு சென்சாரால் அளந்து கூட்டிக்கொள்வது மீட்டர்தான்.