‘டெலிவரி ஆனது’ என்கிறது டிராக்கிங், ‘வரவில்லை’ என்கிறார் வாங்கியவர்: நஷ்டம் யாருக்கு?

கேள்வி: ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில் பழைய கேமரா லென்ஸ்களை விற்கிறேன். சென்ற வாரம் அனுப்பிய லென்ஸ் டெலிவரி ஆகிவிட்டதாக டிராக்கிங் காட்டுகிறது. வாங்கியவரோ கைக்கு வரவில்லை என்கிறார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. கூரியர் நிறுவனம் கை விரிக்கிறது. முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டுமா, பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா?

பதில்: பாதிப் பாதி வேண்டாம். கேட்பதற்கு நியாயம்போல இருக்கும். ஆனால் பார்சல் உண்மையிலேயே போய்ச் சேரவில்லை என்றால், ஒரு தவறும் செய்யாத வாங்கியவர் பாதிப் பணத்தை இழக்கிறார். போய்ச் சேர்ந்திருந்தால் நீங்கள் வீணாகப் பாதியைக் கொடுக்கிறீர்கள். எப்படிப் பார்த்தாலும் யாரோ ஒருவருக்கு அநியாயம்தான். என்ன நடந்தது என்று முதலில் விசாரியுங்கள். பணப் பேச்சு அதன் பிறகு.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் தேவையில்லை. வாங்கியவருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கூரியர் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். கூரியரைத் தேர்ந்தெடுத்தவர் நீங்கள், கட்டணம் கட்டியவர் நீங்கள், ரசீதும் உங்களிடம்தான் இருக்கிறது. ‘கூரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று வாங்கியவரை அனுப்பினால், ‘அனுப்பியவரை வரச் சொல்லுங்கள்’ என்று அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள்.

சட்டங்களும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்கின்றன. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, பொருள் நுகர்வோரின் கைக்கோ அவர் குறிப்பிட்ட ஆளின் கைக்கோ வரும்வரை இழப்பின் பொறுப்பு வணிகருடையது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணையும் அதையே சொல்கிறது. வாங்கியவர் தாமே கூரியரை ஏற்பாடு செய்திருந்தால் மட்டும் நிலைமை மாறும். வீட்டில் கிடந்த பொருளை விற்கும் தனிநபருக்கு இவை அப்படியே பொருந்தாது. நீங்கள் தொடர்ந்து விற்பவர் என்பதால், ‘நான் சும்மா விற்கிறேன்’ என்று ஒதுங்குவது கடினம். அதோடு, தளங்களின் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதும் இல்லை.

உங்கள் வழக்கில் சிக்கலே அந்த ‘டெலிவரி ஆனது’ என்ற வரிதான். அதை மட்டும் காட்டினால் பல தளங்களில் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்துவிடும். ஆனால் அந்த வரி உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: யாரோ ஒருவர் கையிலிருந்த கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினார். அன்றைய கணக்கை முடிப்பதற்காக மாலையிலேயே அழுத்திவிட்டு மறுநாள் கொண்டுவந்து கொடுப்பவர்கள் உண்டு. அதனால் முதலில் இரண்டு மூன்று நாட்கள் பொறுங்கள். அதற்குள் கூரியர் நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள்: ஸ்கேன் செய்த இடத்தின் ஜிபிஎஸ் பதிவு, வாசலில் எடுத்த படம், கையெழுத்திட்டவரின் பெயர், ஓடிபி பெற்றிருந்தால் அதன் பதிவு. தொலைபேசியில் கை விரிப்பவர்கள், எழுத்தில் கேட்டால் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள்.

பெட்டி வந்தது, உள்ளே ஒன்றுமில்லை என்ற புகாராக இருந்தால் எடைப் பதிவுகளைக் கேட்க வேண்டும். வழியில் எங்கே எடை குறைந்தது என்று தெரிந்தால் பாதி விசாரணை முடிந்த மாதிரி.

வாங்கியவருக்கும் கடமைகள் உண்டு. வீட்டில் இருப்பவர்களிடமும், அக்கம்பக்கத்திலும், கட்டடக் காவலாளியிடமும் அவர் விசாரிக்க வேண்டும். பொருள் கிடைக்கவில்லை என்று கையெழுத்திட்டு ஓர் உறுதிமொழி தர வேண்டும். சந்தேகப்படுகிற தொனி இல்லாமல் இதைக் கேட்க முடியும்: ‘கூரியர் நிறுவனத்திடம் இழப்பீடு கோர உங்கள் உறுதிமொழி எனக்குத் தேவை’ என்று எழுதுங்கள், அது உண்மையும்கூட. நேர்மையானவர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். இழுத்தடிப்பவரையெல்லாம் திருடர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்குக் காகிதம் என்றாலே அலுப்பு.

ஆர்டரில் இருந்த முகவரியையும் பார்சலில் ஒட்டிய முகவரியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நீங்கள் தவறாக எழுதியிருந்தால் நஷ்டம் உங்களுடையது, அவர் தவறாகக் கொடுத்திருந்தால் அவருடையது. ‘வாசலில் வைத்துவிடுங்கள்’ என்று அவரே சொல்லியிருந்தால், அங்கிருந்து காணாமல் போனதற்கு உங்களிடம் பணம் கேட்பது நியாயமில்லை. யாரும் சொல்லாமல் கூரியர்காரரே வைத்துவிட்டுப் போயிருந்தால் அதை ஒப்படைத்த கணக்கில் சேர்க்க முடியாது. ஆர்டருக்குப் பிறகு வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால், பழைய ஆர்டரை ரத்து செய்து புதிதாகப் போடச் சொல்லுங்கள். தளத்தின் பாதுகாப்பு ஆர்டரில் உள்ள முகவரிக்குத்தான்.

கெடுக்களை மறந்துவிடாதீர்கள். இபே என்ற சந்தைத் தளத்தில் பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள்ளும், பேபால் என்ற ஆன்லைன் கட்டணச் சேவையில் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டு அஞ்சல் பார்சலை விசாரிக்க அனுப்பியவருக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. தனியார் கூரியர்களின் கெடு இதைவிடக் குறுகியதாகவே இருக்கும், ஆகவே இழப்பீட்டு மனுவை இன்றே போட்டுவிடுங்கள். லென்ஸின் மதிப்பைக் குறைத்துக் காட்டி அனுப்பியிருந்தால், அந்தக் குறைந்த தொகைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கூரியரின் பதிவுகள் வந்தபின் முடிவெடுங்கள். படமும் ஜிபிஎஸ்ஸும் சரியான வாசலைக் காட்டி, அந்த வீட்டார் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் இருந்தால் பணம் திருப்ப வேண்டியதில்லை. மறுப்பைப் பதிவுகளோடு தளத்தின் வழியாகவே அனுப்புங்கள். பதிவு எதையும் கூரியரால் காட்ட முடியவில்லை என்றால் முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். கூரியர் இழப்பீடு வரும்வரை வாங்கியவரைக் காக்க வைக்கக் கூடாது, அந்தக் காத்திருப்பு உங்கள் பங்கு.

ரீஃபண்டை அந்த ஆர்டரின் வழியாக மட்டும் செய்யுங்கள். தனியாக வங்கியில் போட்டால், தளத்திலோ கார்டு நிறுவனத்திலோ ஏற்கெனவே புகார் இருக்கும் பட்சத்தில் இரண்டாவது முறையும் பணம் பிடிக்கப்படலாம். பணம் அனுப்பும் முன் ஒரு வரியை எழுதி அவருடைய ஒப்புதலையும் வாங்கிக்கொள்ளுங்கள்: பார்சல் பின்னர் வந்து சேர்ந்தால், பணத்தையோ பிரிக்காத பார்சலையோ அவர் திருப்பித் தர வேண்டும், திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது.